கடலில் போய் நின்ற ஈஃபிள் கோபுரம்!

கூகுள் எர்த்தில் பூமி உருண்டையைச் சுழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய நகரங்களில் கட்டடங்கள் நிஜம் போலவே எழும்பி நிற்கும். அந்த உருண்டையின் மேல் நீங்களும் ஒரு கட்டடத்தை நிறுத்தலாம். ஆனால், கொஞ்சம் அசந்தால் பாரிஸில் நிற்க வேண்டிய ஈஃபிள் கோபுரம் இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும்! எப்படி என்கிறீர்களா?

முதலில் கட்டடத்தைக் கணினியில் வரைய வேண்டும். இதற்குப் பேர்போன மென்பொருள் 'ஸ்கெட்ச்அப்'. ஒரு சதுரம் வரைந்து, அதை மேலே இழுத்தால் பெட்டியாக எழும்பும். இப்படி இழுத்தும் தள்ளியும் நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள முப்பரிமாண மாதிரியைச் செய்துவிடலாம்.

ஆனால், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அந்த மாதிரிக்குத் தெரியாதே! அதனால்தான் அதைக் 'கே.எம்.இசட்.' என்ற கோப்பாக மாற்றுகிறோம். இது ஒரு பார்சல். உள்ளே கட்டடத்தின் வடிவம் ஒரு கோப்பு. சுவரில் ஒட்டிய புகைப்படங்கள் தனி. விலாசச் சீட்டு தனி. அந்தச் சீட்டுக்குப் பெயர் 'கே.எம்.எல்.'. நம்பாவிட்டால், கோப்பைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள 'கே.எம்.இசட்.' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். எல்லாம் வெளியே வரும்!

வில்லங்கமே அந்த விலாசத்தில்தான். புவியியல் பாடத்தில் அட்சரேகையை முதலில் சொல்வோம். கே.எம்.எல். சீட்டில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். ஈஃபிள் கோபுரம் இருப்பது வடக்கே 48.858, கிழக்கே 2.294 டிகிரியில். பழக்க தோஷத்தில் இரண்டையும் மாற்றி எழுதினால்? கோபுரம் சோமாலியாவுக்கு அப்பால் நடுக்கடலில்!

உயரத்திலும் கவனம் தேவை. கோபுரம் நிற்கும் தரையே கடல் மட்டத்தைவிட சுமார் 30 மீட்டர் மேலே இருக்கிறது. 'கடல் மட்டத்திலிருந்து 0 மீட்டர்' என்று எழுதினால் கால்கள் மண்ணுக்குள் புதைந்துவிடும். 'தரையிலிருந்து 30 மீட்டர்' என்றால் அந்தரத்தில் மிதக்கும். அளவும் அப்படித்தான். 330 மீட்டர் கோபுரத்தை 330 அங்குலம் என்று கணினி எடுத்துக்கொண்டால், 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். விளக்குக் கம்பம் ஆகிவிடும்!

ஸ்கெட்ச்அப்பை 2006-ல் கூகுள் வாங்கி, இலவசப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. பல நாட்டு ஆர்வலர்கள் தங்கள் ஊர்க் கட்டடங்களை வரைந்து அனுப்பினார்கள். தேர்வானவை எல்லாரும் பார்க்கும் உருண்டையிலேயே இடம்பெற்றன. 2012 முதல், விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கணினியே நகரங்களை உருவாக்கத் தொடங்கியது. 2013-ல் ஆர்வலர்களிடமிருந்து மாதிரிகளைப் பெறுவது நின்றுபோனது. கணினிக்கு வேகம் அதிகம்தான். ஆனால், அது செய்த மரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், உருகிய மெழுகு மாதிரி இருக்கும்! ஜன்னல் ஜன்னலாக மனிதர் வரைந்ததின் அழகு அதில் இல்லை.

உங்கள் மாதிரியை உங்கள் கணினியில் பார்க்க இப்போதும் தடையில்லை. கணினியில் நிறுவும் 'கூகுள் எர்த் ப்ரோ' இலவசம்தான். அதில் பார்சலைத் திறந்தால், உருண்டை சுழன்று உங்கள் கட்டடத்தின் முன் போய் நிற்கும். கட்டடத்தைக் காணோமா? அதே இடத்தில் கூகுளின் கட்டடம் மறைத்துக்கொண்டு நிற்கலாம். பக்கத்துப் பட்டியலில் '3டி பில்டிங்ஸ்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் காணோம் என்றால், சோமாலியா பக்கம் தேடுங்கள்!