ஏ9 வீதியில் யன்னலோரம்: மீண்டும் பார்க்கப் பழகுதல்

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை இரவில்தான் புறப்படுகின்றன. ஆனையிறவைக் கடக்கும்போது யன்னல் திரைகள் இழுத்து மூடப்பட்டிருக்கும். முன்னால் தொலைக்காட்சியில் படம் ஓடும். பாதிப்பேர் உறங்கியிருப்பார்கள். வருடத்தில் பல தடவை இந்த வீதியால் போய்வருகிறவர்களிலும் வன்னியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து நாளாகிவிட்டவர்கள் நிறையப் பேர். வேலைநாள் ஒன்று மிச்சம், வெயில் இல்லை என்பதால் இரவுப் பயணம் வசதிதான். ஆனால் பகலில் ஓடும் கிளிநொச்சி – யாழ்ப்பாணம் பஸ்ஸிலும் வெளியே பார்ப்பவர்கள் குறைவு. கைபேசி ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பயணம் என்பது என்னவாக இருந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும். 1990 ஜூனில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டதும் சனம் கிளாலியில் இரவோடு இரவாகப் படகேறிக் கடனீரேரியைக் கடந்தது. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அந்தப் படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 2002இல் போர்நிறுத்தத்துடன் ஏ9 திறந்தபோது முகமாலையிலும் ஓமந்தையிலும் பொதிகளை இறக்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, மறுபக்கம் நடந்தோம். 2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை வெடித்ததோடு அதுவும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு 2009 மே வரை வன்னிச் சனம் போன வழியைப் பயணம் என்று சொல்லமுடியாது.

இத்தனை வருடமும் வெளியே பார்ப்பது ஒரு வேலையாக இருந்தது. எங்கே ஆமி நிற்கிறது, வானத்தில் என்ன சத்தம், பங்கர் எங்கே இருக்கிறது, முன்னால் போன வாகனம் ஏன் நின்றது என்று கண் தேடிக்கொண்டிருந்தது. உளமருத்துவம் இதை அதிவிழிப்பு நிலை என்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் உடம்பு அந்தக் காவலைக் கைவிடாமல் இருக்கலாம். இதற்கு நேர்மாறாகத் தோன்றும் இன்னொன்றும் உண்டு. உணர்வு மரத்துப்போதல் என்பார்கள். பயமும் வராது, மகிழ்ச்சியும் வராது, பார்வை வெறுமனே கண்ணாடியில் பட்டு நிற்கும். இரண்டும் ஒரே ஆளிடம் மாறிமாறி வருவது வழமை.

இங்கேதான் அமெரிக்க உளவியலாளர்களான பிரெட் பிரையன்ட், ஜோசப் வெரொஃப் இருவரும் 2007இல் எழுதிய ஒரு நூல் எனக்கு முக்கியமாகப்படுகிறது. நல்ல கணம் ஒன்றைக் கவனித்து, அதில் தரித்து, அதை நீடிக்கவைப்பதை அவர்கள் ஒரு தனித் திறனாக ஆராய்ந்தார்கள். தமிழில் 'சுவைத்தல்' என்றே சொல்லலாம். அவர்களுடைய அடிப்படை வாதம் இதுதான்: துன்பத்தைத் தாங்கும் திறன் வேறு, நல்லதை உணரும் திறன் வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

எங்கள் சனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தாங்கும் திறனைப் புகழ்ந்திருக்கிறார்கள். தொண்டு நிறுவன அறிக்கைகளில் 'மீண்டெழும் தன்மை' என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. இரண்டாவது திறனுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்கள் குறைவு.

அதைப் பழகுவதற்குத் தூர தேசம் போகத் தேவையில்லை. பரந்தன் சந்தி கழிந்ததும் வயல்கள் மெல்ல முடிந்து வெட்டை தொடங்கும். மரங்கள் விலகிப்போகும். பிறகு ஒரேயடியாக இரண்டு பக்கமும் தண்ணீர். மாரி முடிந்த தை, மாசியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். வலசை வந்த பறவைகள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரியும். ஆடி, ஆவணியில் நீர் வற்றி, விளிம்பெல்லாம் உப்புப் படிந்து வெள்ளையாகக் கிடக்கும். சோளகம் அடிக்கிற நாட்களில் பஸ் ஒரு பக்கம் சாய்வதுபோல இருக்கும். உப்பும் சேறும் கலந்த அந்த வாசம் யன்னல் திறந்திருந்தால்தான் உள்ளே வரும். குளிரூட்டிய வாகனத்தில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. இவ்வளவும் சில நிமிடங்களில் கடந்துவிடும். "தம்பி, ஆனையிறவு வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணயரும் முதியவர்களைப் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். பிரையன்டும் வெரொஃபும் சுவைத்தல் மூன்று காலத்திலும் நடக்கும் என்கிறார்கள்: வருவதை எதிர்பார்த்திருப்பது, நடக்கும்போது அதில் இருப்பது, பிறகு நினைத்துப் பார்ப்பது. அந்த முதியவருக்கு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது.

இயக்கச்சி, பளை கடந்து முகமாலைப் பக்கம் வரும்போது வேறு காட்சி. ஷெல்லடியில் தலையறுந்த பனைகள் இங்கே பல வருடம் கறுத்த தூண்களாக நின்றன. பனைக்கு ஒரேயொரு குருத்துத்தான். அது போனால் மரம் மறுபடி துளிர்க்காது. மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகைகளுக்குப் பின்னால் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள், அவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள், வெயிலில் குந்தியிருந்து அடியடியாக மண்ணைக் கிளறினார்கள். அப்படித் துப்புரவாக்கிய காணிகளில் இப்போது வடலிகள் நிற்கின்றன. ஒரு பனை காய்ப்பதற்கு 15, 20 வருடங்கள் எடுக்கும். போர் முடிந்த பிறகு முளைத்தவற்றில் முதலாவது பாளை வரும் காலம் இது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு அந்த வடலிக் கூட்டம் வெறும் பச்சை அல்ல.

நாவற்குழிப் பாலம் கடந்தால் செம்மணி. ஒரு பக்கம் நீர்வெட்டை, கொக்குகள், மாலை வெளிச்சம். யாழ்ப்பாணத்துக்கு இதைவிட அழகான வாசல் இல்லை. அதே செம்மணியில்தான் 1999இல் 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தொடங்கிய அகழ்வில் சிறு பிள்ளைகளினதும் எலும்புகள் வந்தன. இந்த இடத்தில் யன்னலால் பார்த்து, வடிவாக இருக்கிறது என்று நினைக்கலாமா? பலருக்குள்ளே இந்தக் கேள்வி இருக்கிறது, வெளியே கேட்பதில்லை. இன்பத்தை இடையிலேயே முறிக்கும் எண்ணங்களைப் பற்றி அந்த நூலிலும் பேசப்படுகிறது. எங்களிடம் அது பெரும்பாலும் தப்பிப் பிழைத்தவர்களின் குற்றவுணர்வாக வருகிறது: அவன் இல்லை, நான் மட்டும் எப்படி இதைப் பார்த்துச் சந்தோசப்படுவது?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் இதே வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களிடம் போய் 'நல்லதைப் பாருங்கள்' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சுவைத்தல் நீதிக்கு மாற்றீடு அல்ல. அப்படி விற்கப்படும் ஆறுதல் பேச்சுகளை நான் நம்புவதுமில்லை. ஆனால் ரசித்தால் மறந்துவிடுவோம் என்ற பயத்தையும் நான் ஏற்கவில்லை. ஊன்றிப் பார்க்காதவருக்குக் கொக்கும் தெரியாது, புதைகுழியும் தெரியாது. திரையை மூடிக்கொண்டு போகிறவர் இரண்டையும்தான் கடந்துபோகிறார்.

பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. போர் முடிந்ததும் தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் வந்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த நீர்த்தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தன. பக்கத்தில் நினைவுப் பொருள் கடையும் இருந்தது. அது வெற்றியைப் பார்க்க வந்த கண். அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்தவரின் கண் வேறு.

படம் எடுப்பது என்றதும் கைபேசியைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு அவற்றின் விவரங்கள் குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருக்கிப் படம் எடுத்தபோது நினைவு அப்படிக் குறையவில்லை. படமெடுப்பதில் அல்ல, எப்படிக் கவனிக்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அதோடு, முள்ளிவாய்க்காலில் குடும்ப அல்பங்களைக் கைவிட்டு வந்த சனத்திடம் படம் எடுக்காதே என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எத்தனை இருக்கின்றன! எடுங்கள். எடுத்த பிறகு கைபேசியை மடியில் வைத்துவிட்டு, இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள்.

பக்கத்தில் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. சுவைத்தலைக் கூட்டும் வழிகளில் ஒன்று, கண்டதை இன்னொருவரோடு பகிர்வது. போர் முடிந்த வருடத்தில் பிறந்த பிள்ளை இப்போது உயர்தர வகுப்பு வயதில் நிற்கிறது. அதற்கு இயக்கச்சி ஒரு பஸ் தரிப்பிடம் மட்டும்தான். கூழைக்கடா எது, நாரை எது, சோளகம் எந்தப் பக்கமிருந்து வரும், யாழ்தேவி இந்தத் தண்டவாளத்தில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, அதற்குமுன் அம்மம்மா எப்படிக் கடந்தா என்று சொல்லிக்கொண்டு போனால், பயணம் முடிவதற்குள் கதை முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லவும் தேவையில்லை. சில பிள்ளைகள் கேட்கும், சில பிள்ளைகள் காதில் பாட்டை மாட்டிக்கொள்ளும்.

மாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்கள் வலப்பக்க யன்னலோரம் பிடித்தால் கடனீரேரியில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். எதிர்ப்பக்கமாக வருகிறவர்களுக்கு இடப்பக்கம். யாழ் நகரில் நாலரை மணியளவில் பஸ் ஏறினால் நேரம் சரியாக இருக்கும். மழைக்காலத்தில் யன்னல் கண்ணாடி சேறாக இருக்கும். துடைக்க ஒரு துணித்துண்டு கொண்டுபோவது நல்லது.