தேங்காய்த் தொட்டியிலிருந்து மீன் தொட்டிக்கு

தேங்காயின் ஓட்டைக் கொங்கு நாட்டில் தொட்டி என்பார்கள். பிற ஊர்களில் கொட்டாங்கச்சி என்றும் சிரட்டை என்றும் சொல்வதுண்டு. காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளில் உள்ள களங்களில் தேங்காயை உடைத்துக் கொப்பரை எடுத்த பிறகு, மிஞ்சும் தொட்டி வீட்டு அடுப்புக்குப் போகிறது. அல்லது கரி சுடுபவரின் லாரியில் ஏறுகிறது. அதற்கு மேல் அது என்ன ஆகிறது என்பதைத் தென்னை விவசாயிகள் பலர் விசாரிப்பதில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டால் ஆதாயம் உண்டு.

ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் பொருளுக்கு உலகெங்கும் விரும்பி வாங்கப்படும் மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்த் தொட்டிக் கரி. குடிநீர் சுத்திகரிப்பிலும், தங்கம் பிரித்தெடுக்கும் ஆலைகளிலும் இந்தக் கார்பன் ஏராளமாகச் செலவாகிறது. வீட்டுக் கூடத்தில் வைக்கும் கடல் மீன் தொட்டிக்கும் இது தேவைப்படுகிறது. இந்த உபயோகம் அளவில் சிறியதுதான். ஆனால் கார்பனில் குறை இருந்தால் தொட்டியில் உள்ள உயிர்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கரியின் தரம் என்றால் என்ன என்பதை அறிய இது நல்ல உதாரணம்.

கடல் இல்லாத ஊரில் கடல் நீர்

போத்தனூரிலிருந்து கடல் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே ஒருவர் கடல் மீன் தொட்டி வைக்க வேண்டுமானால் கடல் நீரையே வீட்டில் தயாரிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 35 கிராம் வீதம், அதற்கென விற்கும் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு ஆகும்.

கலக்கும் நீர் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய் நீரில் கிருமி ஒழிப்பதற்காகச் சேர்க்கும் குளோரின் மீன்களின் செவுள்களைப் புண்ணாக்கும். நீரை வடிக்கும் ஆர்.ஓ. கருவியின் சவ்வையும் அது கெடுத்துவிடும். எனவே நீர் சவ்வை அடைவதற்கு முன்பே கார்பன் நிரப்பிய குழாய் வழியாகச் செலுத்தி குளோரினை நீக்குகிறார்கள். கார்பனின் முதல் வேலை இது.

இங்கே சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடற்பகுதியும் 1986ல் தேசியப் பூங்காவாயின. கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுப்பதும் விற்பதும் குற்றமாகும். செயற்கைப் பாறைகளை அடுக்கி, பொரிப்பகத்தில் வளர்ந்த மீன்களை விடுவதே நேர்மையான வழி. கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனவிருத்தி செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. வெளிநாடுகளில், பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளை நட்டுப் பவளத் தொட்டி அமைப்பது பெரும் பொழுதுபோக்காக உள்ளது.

தொட்டிக்குள் கார்பனின் வேலை

நாள்பட்ட தொட்டி நீர் பழுப்பேறும். மீன் தீனியும் பாசியும் அழுகிக் கரைவதே இதற்குக் காரணம். மஞ்சள் படிந்த நீரில் வெளிச்சம் குறைகிறது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தைக் கொண்டுதான் உணவு தயாரிக்கின்றன. மேலும், சிலவகை மென்பவளங்கள் பக்கத்தில் உள்ளவை வளராதபடி ஒருவகை நஞ்சை நீரில் விடுகின்றன. பார்த்தீனியச் செடி தன்னைச் சுற்றியுள்ள பயிரை வளரவிடாமல் செய்வதைப் போன்றதே இது. இந்த நிறத்தையும் நஞ்சையும் கார்பன் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இது எப்படி முடிகிறது? தொட்டிக் கரியை 900 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கி நீராவியைச் செலுத்தும்போது, கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கார்பனில் உள்ள துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம் அளவுக்கு வரும். நான்கு கிராமில் ஒரு ஏக்கர்! நீரில் கரைந்த பொருள்கள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. அடுப்புக் கரியில் இந்தத் துளைகள் இல்லை. ஆகவே வீட்டில் சுட்ட கரியை உடைத்து மீன் தொட்டியில் போடுவதால் பயனில்லை, சாம்பல்தான் கலக்கும்.

உபயோகிக்கும் முறை

200 லிட்டர் தொட்டிக்கு கால் லிட்டர் படி கார்பன் போதும். எடை சுமார் 125 கிராம் இருக்கும். தூள் நீங்கும்வரை நல்ல நீரில் கழுவி, வலைப்பையில் கட்டி, பஞ்சு வடிகட்டியைத் தாண்டி வரும் நீர் அதனூடே ஓடும்படி வைக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொட்டி நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்து மஞ்சள் தெரிந்தால் கார்பன் நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நெடுநாள் பழுப்பேறிய தொட்டியில் ஒரேயடியாக முழு அளவையும் போடக் கூடாது. நீர் திடீரெனத் தெளிந்து, கடும் வெளிச்சத்தால் பவளம் வெளுத்துவிடும். கால் பங்கில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் கார்பனை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தையும் அது உறிஞ்சிவிடும்.

கார்பன் எல்லாவற்றையும் நீக்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அம்மோனியா, நைட்ரேட், உப்பு ஆகியவற்றை அது நீக்காது. அதற்கு நீர் மாற்றுவதும் அளவாகத் தீனி போடுவதும்தான் வழி.

தூளும் சாம்பலும்

அமெரிக்காவின் டொலிடோ விலங்கியல் பூங்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2011ல் வெளியானது. பழுப்பு நிலக்கரியில் செய்த, தூள் உதிரும் கார்பன் வைத்த தொட்டிகளில் மீன்களின் தலையிலும் பக்கவாட்டிலும் தோல் அரித்துப்போனது. இறுகிய குச்சிக் கார்பன் வைத்த தொட்டிகளில் பாதிப்பு மிகக் குறைவு. கார்பன் வைக்காத தொட்டிகளில் அந்த நோயே இல்லை. இதன் பிறகு கடினமான, தூள் உதிராத கார்பனின் அருமை மீன் வளர்ப்போருக்கு விளங்கியது. தேங்காய்த் தொட்டிக் கார்பன் அந்த வகையில் உறுதியானது. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. குளோரின் போன்ற சிறிய மூலக்கூறுகளுக்கு அது மிகப் பொருத்தம். நீரை மஞ்சளாக்கும் பெரிய மூலக்கூறுகளைப் பிடிப்பதில் நிலக்கரிக் கார்பனும் கைகொடுக்கும்.

வாங்குபவர் கவனிக்கும் இன்னொன்று பாஸ்பேட். கார்பனிலிருந்து பாஸ்பேட் கசிந்தால் தொட்டியில் பாசி மண்டும். ஆகவே பாஸ்பாரிக் அமிலம் சேர்க்காமல் நீராவியால் தயாரித்த, சாம்பல் குறைந்த கார்பனையே கேட்கிறார்கள்.

தரம் தோப்பிலேயே தொடங்குகிறது

கணக்கைப் பார்ப்போம். 1,000 தேங்காயின் தொட்டியிலிருந்து சுமார் 30 கிலோ கரி கிடைக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கார்பன் வரும். மேலே சொன்ன 125 கிராமுக்கு ஒரு டஜன் தேங்காயின் தொட்டி வேண்டும். மண்ணும் நாரும் ஒட்டிய தொட்டியைச் சுட்டால் கரியில் சாம்பல் கூடும். மூன்று கிலோ கரி ஒரு கிலோ கார்பனாகச் சுருங்கும்போது அந்தச் சாம்பல் குறைவதில்லை. விலை அங்கேதான் அடிபடுகிறது.

ஆகவே விவசாயிகள் செய்ய வேண்டியவை: நன்கு முற்றிய காயின் தொட்டியைத் தனியே சேர்க்க வேண்டும், இளங்காய்த் தொட்டியைக் கலக்கக் கூடாது. நாரைச் சுரண்டி, சிமெண்டுக் களத்தில் உலர்த்தி, மழை படாமல் வைக்க வேண்டும். கரி வாங்கும்போதும் விற்கும்போதும், உடைத்த முகம் பளபளப்பாக இருக்கிறதா, கெட்டியான தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம்.

கிணற்றை இழக்க வேண்டாம்

கடைசியாக ஒன்று. திறந்த குழியில் தொட்டியைச் சுடும்போது கிளம்பும் புகையும் தாரும் பயிரின் மீது படிகின்றன. கரியை அணைக்க ஊற்றும் நீர், கறுத்த கழிவாக மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. காங்கயம், பல்லடம் பகுதிகளில் கிணற்று நீர் கெட்டுவிட்டதென்று விவசாயிகளே போராடியிருக்கிறார்கள். எங்கோ ஒரு வீட்டின் கண்ணாடித் தொட்டியில் நீர் தெளிவதற்காக, இங்கே குடிக்கும் கிணறு கறுக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று உண்டு. புகையைக் காற்றில் விடாமல் எரித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் சூளைகளில் கரி சுடலாம். நீர் ஊற்றாமல், காற்றுப் புகாதபடி மூடியே ஆறவைக்கலாம். கரி சுடுவதற்கு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு உள்ளதா, எந்த முறையில் சுடுவார்கள், அணைக்கும் நீர் எங்கே போகும் என்ற மூன்றையும் கேட்ட பிறகே சம்மதிக்க வேண்டும். வாடகை சில வருடங்களுக்கு வரும். கெட்ட கிணறு அதற்குப் பிறகும் கெட்டதாகவே இருக்கும்.

தனித்தனியே சூளை அமைப்பது சிறு விவசாயிகளுக்குக் கட்டாது. தென்னை உற்பத்தியாளர் சங்கமாகச் சேர்ந்து சுத்தமான தொட்டியை மொத்தமாக விற்பதோ, பொதுவில் ஒரு நல்ல சூளை அமைப்பதோ லாபகரமானது. 1981ல் தொடங்கிய தென்னை வளர்ச்சி வாரியத்தை அணுகினால், தொட்டிக் கரி தயாரிப்பு முறைகளைப் பற்றிய விவரங்களைப் பெற்றுப் பயனடையலாம்.