கித்தாரின் பாதிக் குரல்

மின்கித்தாரின் கம்பியை மீட்டினால் அருகில் இருப்பவருக்கே மெல்லத்தான் கேட்கும். கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் சிறு மின்னோட்டமாக மாற்றுகின்றன. பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. இறுதியில் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அசைந்து ஒலி பிறக்கிறது. கித்தாரின் குரலில் பாதி அந்தக் கூம்பில்தான் இருக்கிறது எனலாம்.

திருவனந்தபுரத்தில் 2003ஆம் ஆண்டு தோன்றிய ‘அவியல்’ இசைக்குழு, மலையாளப் பாடல்களை ராக் இசையில் பாடிப் புகழ்பெற்றது. அதன் முதல் இசைத்தொகுப்பு 2008இல் வெளிவந்தது. இத்தகைய குழுக்களுக்கு ஒலிபெருக்கி பழுதாவது பாடகருக்குத் தொண்டை கட்டுவது போன்றது. அந்நகரின் ஈரமான கடற்காற்றும் காகிதக் கூம்புக்கு நண்பன் அன்று. ஒலி கரகரத்தால், முதலில் இணைப்புக் கம்பிகளையும் திருகுகளையும் சோதிக்க வேண்டும். பல வேளைகளில் குறை அங்கேயே இருக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், முதலில் பார்க்க வேண்டியது விலையன்று, ஓம் அளவு. பெருக்கியின் பின்புறத்தில் 8 ஓம் என்றிருந்தால் புதியதும் 8 ஓம் ஆகவே இருத்தல் நலம். டிரான்சிஸ்டர் பெருக்கியில் அதற்கு 4 ஓம் ஒலிபெருக்கியைப் பொருத்தினால் மிகுதியான மின்னோட்டம் பாய்ந்து, பெருக்கியே கருகக்கூடும். வால்வுப் பெருக்கியிலோ இந்தப் பொருத்தம் இன்னும் முக்கியம். பழைய ஒலிபெருக்கியில் எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரால் அளக்கலாம். 8 ஓம் ஒலிபெருக்கி அதில் 6 அல்லது 7 என்றே காட்டும்; அது பழுதன்று.

அடுத்தது வாட். பெருக்கி தரும் ஆற்றலைவிட ஒலிபெருக்கி தாங்கும் ஆற்றல் கூடுதலாக இருக்க வேண்டும். வாட் மிகுந்தால் ஒலியும் மிகும் என்று பலர் நினைப்பது பிழை. வாட் என்பது தாங்கும் அளவு மட்டுமே. ஒலியின் உரப்பைச் சொல்வது டெசிபெல் கணக்கில் தரப்படும் உணர்திறன். 97 டெசிபெல் உடையதற்குப் பதிலாக 100 டெசிபெல் உடையதைப் பொருத்தினால், அந்த 3 டெசிபெல் வேறுபாடு பெருக்கியின் ஆற்றலை இரட்டிப்பாக்கியதற்கு ஒப்பாகும். பெயரை நம்புவதிலும் கவனம் தேவை. இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனத்தாரின் ‘விண்டேஜ் 30’ தாங்குவது 30 வாட் அன்று, 60 வாட்.

திருவிழாப் பந்தலில் பேச்சுக்கும் பாட்டுக்கும் வைக்கும் ஒலிபெருக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதனைப் பொருத்துவதும் தகாது. கித்தாருக்கென்று செய்த கூம்பு ஏறத்தாழ 5000 ஹெர்ட்சுக்கு மேலுள்ள ஒலிகளை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால்தான் ராக் இசையின் முரட்டு ஒலி செவிக்கு இதமாகிறது. அந்த வடிகட்டல் இல்லையேல் குளவிக்கூட்டம் இரைவது போலிருக்கும். கூம்பின் வலிமையை இன்னொரு வகையில் காட்டியவர் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ். 1964இல் அவர் கூம்பைச் சவரத் தகட்டால் கிழித்து எழுப்பிய கரகரப்பு உலகெங்கும் பரவியது. (வீட்டில் செய்து பார்க்கத்தக்கது அன்று.)

புதிய கூம்பு விறைப்பாக இருப்பதால் தொடக்கத்தில் ஒலி சற்றுக் கூர்மையாகவே ஒலிக்கும். சில வாரங்கள் வாசித்த பின்னரே அது இளகும். அதற்கு முன்பே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது அவசரம்.