கல்லூரிக் காற்பந்தில் இருவகை வாகை

ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருளையே எல்லா இடத்தும் வைத்துக்கொண்டால் கருத்துப் பிறழ்வதுண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘கான்பரன்ஸ்’ என்னும் சொல் இதற்கு நல்ல சான்று. அதனை ‘மாநாடு’ என்று பெயர்த்தால், பேராளர்கள் கூடி உரையாற்றும் ஓர் அவையே படிப்பவர் மனத்தில் தோன்றும். அங்கே அச்சொல் குறிப்பது வேறு. ஆண்டுதோறும் தம்முள் முறையாக ஆடுவதென உடன்பட்டு ஒன்றுசேர்ந்த பல்கலைக்கழகங்களின் அமைப்பே அது. ‘கூட்டணி’ என்று நாம் அதனை வழங்கலாம். காற்பந்துக்கு அவர்கள் வழங்கும் ‘சாக்கர்’ என்னும் பெயரும் அமெரிக்காவில் பிறந்ததன்று. ‘அசோசியேஷன்’ காற்பந்து என்பதன் ஒரு துண்டை எடுத்து இங்கிலாந்து மாணவர்கள் ஆக்கிய செல்லப் பெயர் அது.

இக்கூட்டணிகள் ஆண்கள் காற்பந்தில் நடத்தும் ஆண்டிறுதிப் போட்டியைப் பற்றியே இங்கு ஆராய்வோம். பருவம் முழுதும் நன்கு ஆடிய அணி சிறந்ததா, இறுதி வாரத்தில் ஒரு முறையும் தோற்காத அணி சிறந்ததா என்னும் வினா அப்போட்டியில் அடங்கியுள்ளது. மாணவரின் தகுதியை அளக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் இவ்வினா புதியதன்று.

அட்லாண்டிக் கரைக் கூட்டணி

எடுத்துக்காட்டாக, அட்லாண்டிக் கரைக் கூட்டணியைக் கொள்வோம். 1953-ஆம் ஆண்டில் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இதனை அமைத்தன. கிளெம்சன், டியூக், மேரிலந்து, வட கரோலைனா, வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம், தென் கரோலைனா, வேக் பாரஸ்ட் என்பன அவை. அதே ஆண்டின் இறுதியில் வர்ஜீனியாவும் வந்து சேர்ந்தது. பின்னர்ச் சில விலகின, பல சேர்ந்தன. 1971-இல் தென் கரோலைனாவும் 2014-இல் மேரிலந்தும் நீங்கின. 2024-இல் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் புகுந்தன. இவ்விரண்டும் இருப்பது பசிபிக் கரையில்! பெயர் பழைய இடத்தில் நிற்கப் பொருள் நெடுந்தொலைவு நகர்ந்துவிட்டது. அவ்வாண்டில் ஆண்கள் காற்பந்தில் இக்கூட்டணியின் சார்பில் ஆடிய அணிகள் பதினைந்து.

தொடக்கத்தில் வாகையர் யார் என்பதை லீக் ஆட்டங்களின் பட்டியலே முடிவு செய்தது. ஆண்டிறுதிப் போட்டி 1987-இல்தான் தொடங்கியது. அதனை முதலில் வென்றது வட கரோலைனா.

இரண்டு அளவுகோல்கள்

கல்லூரிக் காற்பந்துப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கும். லீக் ஆட்டங்களில் வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. ஒரு நாள் தளர்ந்த அணி மறுநாள் எழலாம். ஒரு தோல்வி பிற வெற்றிகளுக்கிடையே கரைந்துபோகும். ஆகவே, பட்டியல் காட்டுவது அணியின் நிலைத்த இயல்பை.

நவம்பரில் நடக்கும் போட்டியின் இயல்பு வேறு. பட்டியலில் பெற்ற இடத்திற்கேற்ப அணிகள் வரிசைப்படுத்தப்பட்டு மோதும். தோற்றவர் வெளியேறுவர், மறுவாய்ப்பு இல்லை. 2022-இல் வந்த விதிப்படி, லீக் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் அப்படியே விடப்படும்; கூடுதல் நேரம் கிடையாது. ஆண்டிறுதிப் போட்டியிலோ பத்து நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள் கூடுதலாக ஆடப்படும். அதன் பின்னும் முடிவு காணாவிடில் பெனால்டி உதைகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெனால்டியில் வென்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஆனால் கணக்கேட்டில் அந்த ஆட்டம் சமநிலை என்றே பதியப்படும். மேற்செல்வது வேறு, ஆட்டத்தை வெல்வது வேறு என்பதை அந்த ஏடு மறைப்பதில்லை.

வரலாறு கூறுவது

கூட்டணிப் போட்டியில் வென்ற அணியே நாட்டிலும் சிறந்ததாக விளங்கியதா? 1987-ஆம் ஆண்டை நோக்குவோம். முதற்போட்டியில் வாகை சூடிய வட கரோலைனா, நாடளாவிய போட்டியின் அரையிறுதி வரை முன்னேறியது. அங்கே அதனை வீழ்த்தியது அதே கூட்டணியைச் சேர்ந்த கிளெம்சன். பின்னர் இறுதியாட்டத்தில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 2–0 என வென்று கிளெம்சன் நாட்டின் வாகையராயிற்று. ஹைபாவில் பிறந்த இப்ராகிம் என்னும் பயிற்றுநர் 1967-இல் தொடங்கி வளர்த்த அணி அது.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 2021-இல் கூட்டணிப் போட்டியை வென்றது நோட்டர் டாம். நாடளாவிய போட்டியின் அரையிறுதியில் அதனைப் பெனால்டி உதைகளில் முறியடித்தது மறுபடியும் கிளெம்சனே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வென்று பட்டம் பெற்றதும் கிளெம்சனே. இடையில் 2014-இல் கூட்டணியின் பட்டம் கிளெம்சனுக்கும் நாட்டின் பட்டம் வர்ஜீனியாவுக்கும் சென்றன.

இதற்கு மாறான சான்றுகளும் உள. 2011-இல் வட கரோலைனாவும் 2022-இல் சிரக்கூஸும் 2023-இல் கிளெம்சனும் இரு பட்டங்களையும் ஒருங்கே பெற்றன. எனவே கூட்டணிப் போட்டி நாட்டின் வாகையரை முன்கூட்டிச் சொல்லும் குறியன்று. அப்படியாயின் அது எதற்கு?

வாயிலும் அதன் காவலும்

விடை, நாடளாவிய போட்டிக்கு அணிகளைச் சேர்க்கும் முறையில் உள்ளது. 1959-இல் தொடங்கிய அப்போட்டியில் இன்று 48 அணிகளுக்கு இடமுண்டு. ஒவ்வொரு கூட்டணியின் வாகையரும் தாமாகவே இடம் பெறுவர். எஞ்சிய இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பும். வாகையர் யார் என்பதைப் பெரும்பாலான கூட்டணிகள் ஆண்டிறுதிப் போட்டியைக் கொண்டே தீர்மானிக்கின்றன. ஹார்வர்டு, யேல் முதலிய பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் நெடுங்காலம் பட்டியலையே நம்பியிருந்தது. 2023-இல் அதுவும் போட்டி முறைக்கு வந்தது.

இம்முறையால் விளையும் நன்மை தெளிவு. பருவத் தொடக்கத்தில் தடுமாறிப் பின்னர்த் தேறிய அணிக்கும் நவம்பர் வரை நம்பிக்கை இருக்கிறது. தேர்வுக் குழுவின் கண்ணில் படாத சிறு கல்லூரியும் எவர் தயவுமின்றி உள்ளே நுழையலாம்.

ஆனால் இதன் சுமை எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. அட்லாண்டிக் கூட்டணியின் பட்டியலில் முதலிடம் பெற்ற அணி போட்டியில் தோற்றாலும், அதன் தகுதி கருதிக் குழு அதனை அழைத்துக்கொள்ளும். 1987-இல் கூட்டணிப் போட்டியை வெல்லாத கிளெம்சனுக்கு வழி திறந்தது இவ்வகைத் தேர்வே. சிறு கூட்டணியின் முதல் அணிக்கு அந்த அடைக்கலம் அரிது. மூன்று மாதம் முதலிடத்தில் நின்ற அணி ஒரு மாலையில் ஒரு கோலால் தோற்றால், அதன் பருவம் அன்றோடு முடியலாம். படிப்பு முடியும் ஆண்டில் உள்ள மாணவனுக்கு அடுத்த பருவம் என்பதே இல்லை. பெரியவர்க்குப் போட்டி ஓர் அணிகலன். சிறியவர்க்கு அதுவே வாழ்வும் தாழ்வும்.

ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு மதிப்பெண் என இரண்டையும் நம் பள்ளிகள் அறியும். முன்னது உழைப்பைக் காட்டும். பின்னது நெருக்கடியில் நிலைகுலையாமையைக் காட்டும். ஒன்றை மட்டும் கொண்டால் மற்றது மறைந்துபோகும். அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டையும் வைத்துக்கொண்டன. அவை தவறவிட்ட தகுதியைக் காண மூன்றாவதாக ஒரு குழுவையும் அமைத்தன. அம்மூன்றாம் கண் பெரிய பெயர்களைக் காணும் அளவுக்குச் சிறிய பெயர்களைக் காண்பதில்லை என்பதே அம்முறையில் எஞ்சியிருக்கும் குறை. தேர்வு முறையை வகுப்போர் யாவரும் கருத்தில் கொள்ள வேண்டுவது இது.