கலைக்கூடமும் கல்விக்கூடமும்

நூல் இயற்றிய புலவர் அதனை உலகினர் ஏற்றுக்கொள்ளுமாறு செய்தற்கு நம் முன்னோர் ஒரு முறை வகுத்திருந்தனர். அதனை அரங்கேற்றம் என்பர். சான்றோர் நிறைந்த அவையில் ஆசிரியர் தம் நூலைப் படித்துப் பொருள் கூறுவார். அவையினர் ஐயங்களை எழுப்புவர். ஆசிரியர் அவற்றிற்கு விடை பகர்வார். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியது என்பதை அந்நூலின் பாயிரத்தால் அறிகின்றோம். செவிக்குரிய நூலுக்கு அவை எத்தகையதோ, கண்ணுக்குரிய ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் கட்டடக் கலைக்கும் காட்சிக்கூடம் அத்தகையது. அக்காட்சிக்கூடம் ஒரு பல்கலைக்கழகத்தினுள் அமையுமாயின், கண்டு மகிழும் இடமாக மட்டும் நில்லாது, கற்பிக்கும் இடமும் ஆகிவிடுகின்றது. இவ்வுண்மைக்கு அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகம் நல்ல சான்றாகும்.

யேல் என்னும் பெயர் சென்னைக்குப் புதியதன்று. எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவர் பொருளீட்டிய வழிகள் குறைகூறலுக்கு உரியனவாயினும், கனெக்டிகட்டில் இருந்த சிறு கல்லூரி ஒன்றிற்கு அவர் செய்த உதவி நிலைத்துவிட்டது. ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அவர் வழங்கியவை. நன்றி கருதி 1718-ஆம் ஆண்டில் அக்கல்லூரி அவர் பெயரை ஏற்றது. நூல்களோடு ஓர் ஓவியமும் சென்றமை கருதத்தக்கது.

அங்கே கலைக்கூடம் தோன்றக் காரணமாயிருந்தவர் ஜான் டிரம்புல் என்னும் ஓவியர். அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய அவர், அப்போரின் நிகழ்ச்சிகளைத் தாமே ஓவியங்களாகத் தீட்டினார். முதுமையில் வறுமையுற்ற அவர், தம் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் 1,000 டாலர் பெறும் ஏற்பாட்டில், நூறு ஓவியங்களுக்குமேல் யேலுக்கு அளித்தார். அவற்றிற்குரிய கூடத்தை அவரே வரைந்து கொடுத்தார். அது 1832-இல் திறக்கப்பட்டது. 1843-இல் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடல் அவ்வோவியங்களின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் ஓவியங்கள் வேறு கட்டடத்திற்குச் சென்றபோதெல்லாம் அவருடலும் உடன் சென்றது.

ஆயினும், கண்டால் மட்டும் கலை கைவருமோ? வரைந்து பழகுதலும் வேண்டும். ஆகவே 1869-இல் யேலின் கலைப்பள்ளி பாடம் தொடங்கிற்று. அப்பல்கலைக்கழகத்தின் பிற பிரிவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், கலைப்பள்ளி மட்டும் தொடக்கத்திலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

1953-இல் லூயி கான் என்னும் கட்டடக்கலைப் பேராசிரியர் கலைக்கூடத்திற்குப் புதியதொரு கட்டடம் எழுப்பினார். நம் நாட்டு அகமதாபாத்தின் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பின்னாளில் வடிவமைத்தவரும் இவரே. யேல் கட்டடத்தின் மேற்கூரை முக்கோணக் கூம்புகள் பிணைந்த கான்கிரீட் பின்னலாகும். விளக்குகளும் காற்றுக் குழாய்களும் அப்பின்னலின் இடைவெளிகளில் அடங்கிவிட்டன. தரையோ, வேண்டியவாறு தட்டிகளை நகர்த்திக்கொள்ளத்தக்க திறந்த வெளி. காட்சிக் கூடங்களும் மாணவர்களின் பயிற்சிக் கூடங்களும் அக்காலத்தில் அக்கட்டடத்திலேயே சேர்ந்திருந்தன. எனவே, மாணவன் தன் கையிலுள்ள படத்தையும் முன்னோர் தீட்டிய படத்தையும் ஒரே நாளில் ஒப்பிட்டு நோக்க இயன்றது.

ஓவியத்தையும் சிற்பத்தையும் கொணர்ந்து வைக்கலாம். கட்டடத்தைக் கூடத்திற்குள் கொணர்வது எங்ஙனம்? அதற்கு மூன்று வழிகள் உள. மேலிருந்து நோக்கினாற்போல் அறைகளின் அமைப்பைக் காட்டுவது தரைப்படம். பழத்தைக் கத்தியால் பிளந்து உள்ளே காட்டுவது போன்றது வெட்டுப்படம். கட்டடத்தைச் சிற்றுருவாக அட்டையிலோ மரத்திலோ செய்வது மாதிரியுரு. மாணவர் இவற்றைச் சுவரில் பொருத்தி, அருகில் நிற்பர். ஆசிரியரும் அழைக்கப்பட்ட வல்லுநரும் சூழ்ந்திருந்து, 'ஒளி எவ்வழி வரும்? முதியோர் எவ்வாறு ஏறுவர்?' என வினவுவர். ஏற்ற விடையில்லையேல் படத்தைத் திருத்தல் வேண்டும். இஃது அரங்கேற்றமே அன்றோ?

கேள்விக்கு ஆசிரியரும் விலக்கல்லர். அங்கே கட்டடக்கலைத் துறைத் தலைவராக விளங்கிய பால் ருடால்ப், கலை, கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு ஒரு புதிய கட்டடம் வரைந்தார். அது 1963-இல் முடிந்தது. 37 மட்டங்களில் அமைந்த அதனைப் பலர் பாராட்டினர். ஆயினும், தமக்கு ஒதுக்கிய அறைகள் வேலைக்கு ஏற்றனவல்ல என்று ஓவிய மாணவர் குறைகூறினர். 1969-இல் தீயால் சேதமுற்ற அக்கட்டடம், செப்பனிடப்பெற்று 2008-இல் அவர் பெயராலேயே மீண்டும் திறக்கப்பட்டது.

அங்கே பயின்ற மாணவி ஒருவரின் வரலாறு அறியத்தக்கது. அவர் பெயர் மாயா லின். சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். வியட்நாம் போரில் உயிர்நீத்த அமெரிக்க வீரர்க்கு வாஷிங்டனில் நினைவுச்சின்னம் எழுப்ப ஒரு போட்டி நடைபெற்றது. ஈமக் கட்டடங்கள் பற்றிய வகுப்பில் வரைந்ததையே அவர் அனுப்பினார். நிலத்தினுள் தாழ்ந்து இறங்கி ஒரு கோணத்தில் கூடும் இரு கருங்கற் சுவர்கள். அவற்றில், இறந்த நாளின் வரிசையில் பெயர்கள். அவர் வரைந்தது அவ்வளவே. வகுப்பில் அதற்கு இரண்டாந்தர மதிப்பே கிடைத்தது.

போட்டிக்கு வந்தவை 1,421. ஒரு விமானக் கொட்டகையில் அவை வரிசையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. வரைந்தவர் பெயர் மறைக்கப்பட்டு எண் மட்டுமே காணப்பட்டது. லின் வரைந்ததன் எண் 1026. புகழ்பெற்றவரும் பெயரறியாதவரும் அங்கே நிகராயினர். அவருடைய படம் மிக எளியது. ஆயினும், சுவரருகே செல்வோர் எதனை உணர்வர் என்பதைத் தெளிவாக விளக்கும் கையெழுத்துரை அதனுடன் இருந்தது. படமும் உரையும் சேர்ந்து நடுவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவு வெளியாயிற்று. வென்றவர் 21 வயது மாணவி என அறிந்து நாடு வியந்தது.

அதன்பின் எதிர்ப்பும் எழுந்தது. கருநிறமும் தாழ்ந்த அமைப்பும் வீரர்க்கு இழிவு என்றனர் சிலர். லின் தம் கருத்தைக் காத்து நின்றார். 1982-இல் சுவர் நிறைவுற்றது. எதிர்த்தோர் மனம் அமைதியுற, மூன்று வீரர் சிலை சற்று அப்பால் 1984-இல் நிறுவப்பட்டது. ஐம்பத்தெட்டாயிரத்திற்கும் மேற்பட்ட பெயர்களை அச்சுவர் இன்று தாங்கி நிற்கின்றது. பளபளக்கும் கல்லில், இறந்தோர் பெயர்மீது தம் முகம் நிழலாடுவதைக் கண்டு, மக்கள் பெயர்களைக் கையால் தடவிக் கண்ணீர் உகுக்கின்றனர்.

1993-இல் லின் தாம் பயின்ற யேலிலேயே நீர் வழியும் கல்மேசை ஒன்று அமைத்தார். அங்கே கற்ற பெண்களின் தொகை ஆண்டு வாரியாக அதில் சுழன்று செல்கின்றது. தொடக்கத்தில் இருப்பன வெறுஞ் சுழியங்கள். பின்னர் எண்கள் மெல்லப் பெருகுகின்றன.

மாணவர்களே! உங்கள் பள்ளியிலும் ஓவியங்களும் மண்பொம்மைகளும் காட்சிக்கு வைக்கப்படும் நாள் உண்டு. அன்று உங்கள் கைவேலையைப் பிறர் காண வைக்கத் தயங்காதீர்கள். அதன் கருத்தை நான்கு வரியில் பிழையின்றித் தெளிவாக எழுதிவையுங்கள். குறை கூறுவோரை வெகுளாதீர்கள், தக்கதாயின் திருத்திக்கொள்ளுங்கள், தகாததாயின் பணிவோடு உங்கள் கருத்தில் உறுதியாக நில்லுங்கள். பிறர் படைப்பின் முன் நிற்கும்போது, செய்தவர் யாரெனக் கேட்கும் முன், செய்பொருளைச் சிறிது நேரம் நின்று நோக்குங்கள். காட்டுவோர்க்குத் துணிவும் காண்போர்க்கு நடுவுநிலையும் கற்பிப்பதே கலைக்கூடம் செய்யும் கல்விப்பணியாகும்.