உங்களுக்குத் தெரியுமா? காசுக்குள் ஒரு சிற்பம்

● வன்னியில் கிடைத்த பழங்காசுகளில் சில வட்டமே இல்லை, நீள்சதுரத் தகடுகள். முல்லைத்தீவுப் பக்கம் கிடைத்தவற்றைப் பற்றி ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தம் ஆங்கில நூலில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் தாமரையில் நிற்கும் இலட்சுமி, இருபுறமும் நீர் சொரியும் யானைகள். மறுபக்கம் வேலியின் மேல் சுவஸ்திகம். சாஞ்சி, பார்கூத் தூபிகளின் கல்லில் இருக்கும் அதே கஜலட்சுமிதான். இவை காசா, தாயத்தா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இரண்டுக்குமே உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

● யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது சேதுக் காசு. படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. கையில் எடுத்துப் பார்த்தால் திமிலும் மடித்த காலும் கோயில் நந்தியின் கணக்கிலேயே இருக்கும். அச்சில் இதை வெட்டியவர் எழுத்தை இடம் வலமாகத் திருப்பியும், மேடு வரவேண்டிய இடத்தைக் குழியாகவும் வெட்டவேண்டும். கல்தச்சருக்கு இந்தத் தொல்லை இல்லை! பூநகரியின் தொன்மையை விரிவாக ஆராய்ந்த பேராசிரியர் ப. புஷ்பரட்ணம், ஈழத்துத் தமிழ் மன்னர்களின் நாணயங்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

● முதலாம் இராசராசனின் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் அமர்ந்த ஆள். கைகால் எல்லாம் குச்சிகள், கண்ணுக்கு ஒரு புள்ளி. பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகுவும் (1153–1186) அதே அமைப்பைத்தான் பின்பற்றினான். சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்றொரு பெயரும் உண்டு.

● எதையும் வாங்க உதவாத, நினைவுக்கு மட்டுமான பதக்கக் கலை இத்தாலியில் பிறந்தது. பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் 1438 இல் அங்கு வந்தபோது ஓவியர் பிசனெல்லோ அவர் முகத்தை மெழுகில் உருவாக்கி உலோகத்தில் வார்த்தார். உரோமக் காசுகளின் பக்கவாட்டு முகம்தான் முன்மாதிரி. அதே நூற்றாண்டில் பாவியா மடாலய முகப்பின் அடித்தளத்தில் செதுக்கிய பேரரசர் முகங்களும் பழங்காசுகளைப் பார்த்துச் செய்தவையே. சாஞ்சியில் கல்லிலிருந்த உரு இங்கே வன்னியில் காசுக்கு வந்தது. அங்கே இத்தாலியில் காசு கல்லுக்குப் போயிருக்கிறது.

● உழும்போது காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கவேண்டாம். பச்சைக் களிம்போடு சேர்ந்து முதலில் போவது நந்தியின் முகம். இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்ததை அறிவிக்கவும் வேண்டும்.