ஒரே ஈ, மூணு முகவரி

சந்தையில கருவாட்டுக் கடைப் பக்கம் போனா கொஞ்சம் நின்னு பாருங்க மக்கா. வீட்டு ஈயை விடப் பெருசா, சாம்பல் நிறத்துல, முதுகுல மூணு கறுப்புக் கோடு, வயித்துல சதுரங்கக் கட்டம், சிவந்த கண்ணு. இறைச்சி ஈ. முட்டைக்குப் பதிலா உயிருள்ள புழுவையே இறக்கி வைக்கும்.

சிக்கல் பேரு வைக்கிறதுலதான். இனங்கள் பல இருந்தாலும் எல்லாம் ஒரே சாயல். ஆனா ஒரே இனத்துக்குள்ள அளவு கன்னாபின்னானு மாறும். புழுவா இருந்தப்ப தீனி குறைஞ்சிருந்தா ஈ சின்னதாத்தான் வரும். அதனால நிபுணர்கள் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துதான் முடிவு சொல்றாங்க. (பெண் ஈ மட்டும் கிடைச்சா பாடுதான்.)

இந்தியாவிலிருந்து போன ஒரு ஈயையே எடுத்துக்குங்க. 1794-ல் லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ் அதை வீட்டு ஈயோட பேரினத்தில் சேர்த்து ‘மஸ்கா ரூஃபிகார்னிஸ்’ என்றார். சிவந்த கொம்புக்காரன்னு அர்த்தம், உணர்கொம்பைச் சொல்றார். 1826-ல் மெய்கன் ‘சார்கோஃபாகா’ என்ற பேரினத்தை உருவாக்க, பின்னாடி ஈ அங்கே குடிபோச்சு. 1921-ல் ‘பாராசார்கோஃபாகா’ பிறந்தது. நம்ம நாட்டு ஆய்வுக் கட்டுரைகள் பலதில் இந்தப் பேர்தான். தாமஸ் பாப்பே 1996-ல் வெளியிட்ட உலகப் பட்டியலில் மறுபடி சார்கோஃபாகா. ஃபோல்டர் மாறிக்கிட்டே இருக்கு, ஃபைல் பேரு ‘ரூஃபிகார்னிஸ்’ மட்டும் மாறல. பேரினம் மாறினா முதலில் பேர் வச்சவரை அடைப்புக்குறிக்குள் போடணும்னு விதி: (ஃபப்ரீசியஸ், 1794).

ஈக்குப் போய் இவ்வளவா? பிணத்தில் கிடைக்கும் புழுவின் வயசை வச்சு இறந்த நேரத்தைக் கணிக்கிறாங்க. இனத்துக்கு இனம் வளர்ற வேகம் வேற. பேர் தப்பினா நேரமும் தப்பும். புதுப் பேரை மட்டும் தேடினா, பழைய பேரில் நம்மாட்கள் எழுதி வச்சது கண்ணிலேயே படாது.